மூலிகைப் பெருமையும் மக்கள் மருந்தும்

காய்ச்சலுக்குச் ‘சிங்ஹாவ்’ மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகும் முறையைச் சீன மருத்துவர் கெ ஹோங் 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். 1967இல், வியட்நாம் போராளிகளை வாட்டிய மலேரியாவை முறியடிக்க மக்கள் சீனம் ‘523 திட்ட’த்தைத் தொடங்கியது. தூ யூயூவின் ஆய்வுக்குழு அப்பழங்குறிப்பை ஒதுக்கவுமில்லை, துதிபாடவுமில்லை, சோதித்தது. சூடேற்றினால் வீரியம் கெடுவதை உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் சாறு பிரித்தது. ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015இல் தூ யூயூ நோபல் பரிசு பெற்றார்.

இந்திய ஆட்சியாளர்களோ பண்டைப் பெருமை பேசிக்கொண்டே, சோவியத் உதவியுடன் எழுந்த ஐடிபிஎல் போன்ற பொதுத்துறை மருந்து நிறுவனங்களை நலிவுக்குத் தள்ளினர். சோதித்து நிறுவப்படாத கஷாயங்கள் சந்தையில் கொழிக்கின்றன. மக்களின் பாரம்பரிய அறிவு பொது நிதியில் ஆராயப்பட்டு, மலிவான மருந்தாக மக்களிடமே திரும்ப வேண்டும். பொதுத்துறை மருந்து உற்பத்தியை மீட்டெடுக்காமல் அது நடவாது.