ஆட்சியாண்டும் கிரகணமும்

ஜொகூர் பாருவில் எங்கள் சபையின் வேதபாட வகுப்புக்கு வரும் வாலிபர்கள், வேதாகமப் பதிப்புகளின் பிற்பகுதியில் அச்சிட்டிருக்கும் கால அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் கண்டு, "ஐயா, இவற்றில் எதை நம்புவது, எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது?" என்று என்னைக் கேட்டு வருகிறார்கள். அட்டவணையைத் தேடாதீர்கள், அது எந்த முளையில் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும் நூலைத் தேடுங்கள் என்பதே என் பதில்.

அயர்லாந்தின் அத்தியட்சர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட கணிதத்தின்படி சிருஷ்டி கி.மு. 4004-இல் நிகழ்ந்தது, 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரங்களில் அவ்வாண்டுகள் ஏறியபின், பலருக்கு அது மூலவாக்கியத்துக்குச் சமமான பிரமாணமாகிவிட்டது. ஆனால் அவர் கொண்டது எபிரெயப் பிரதி முற்பிதாக்களுக்குக் கூறும் வயதுகள். கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தின் வயதுகளைக் கொண்டால் ஆபிரகாமுக்கு முந்திய காலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்டுபோகிறது.

ராஜாக்களின் காலத்துக்கு வரும்போதுதான் விஷயம் சுவைபெறுகிறது. சாலொமோனுக்குப்பின் ராஜ்யம் பிரிந்த காலந்தொட்டு, யெகூவின் கையால் இஸ்ரவேலின் யோராமும் யூதாவின் அகசியாவும் ஒருங்கே மாண்டது வரையில் இருதிறத்து ஆட்சியாண்டுகளையும் கூட்டிப் பாருங்கள்: இஸ்ரவேலுக்கு 98, யூதாவுக்கு 95. ஒரே சமயத்தில் தொடங்கி ஒரே சமயத்தில் முடிந்த காலம் இரண்டு அளவாக இருப்பதெப்படி? முடிசூடிய ஆண்டின் எஞ்சிய மாதங்களை ஒரு தேசத்தார் முதலாண்டாக எண்ணினர், மற்றவர் எண்ணாது விட்டனர் என்று கொண்டு, சீனாவில் மிஷனரியாயிருந்த எட்வின் தீலி, எபிரெய ராஜாக்களின் மர்ம எண்களைப் பற்றிய தம் 1951-ஆம் ஆண்டு நூலில் இதை அவிழ்த்தார். தந்தையும் மகனும் சேர்ந்தாண்ட காலங்களையும் அவர் கணக்கில் சேர்த்தார்.

சேர்ந்தாளுதல் தமிழருக்குப் புதிதன்று. நாம் வாழும் இத்தீபகற்பத்தின் கடாரத்தை 1025-இல் வென்ற இராஜேந்திர சோழன், தந்தை இராஜராஜன் உயிரோடிருக்கையிலேயே 1012-இல் பட்டத்துக்குரியவனாகித் தன் யாண்டுகளை அன்றிலிருந்து எண்ணினான். சாஸனங்களின் யாண்டுகளை மேலெழுந்தவாரியாகக் கூட்டுகிறவன் சோழர் காலத்தையும் ஊதிப்பெருக்கிவிடுவான். அந்தச் சாஸனங்களிலுள்ள கிழமை, திதி, நட்சத்திரங்களைச் சோதிக்கும் கருவியாக 1922-இல் 'இந்தியன் எபிமெரிஸ்' என்னும் பெருநூலைத் தந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கத்தோலிக்கத் தமிழர் என்பதை எங்கள் வாலிபர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

வேதாகம ராஜாக்களுக்கு அத்தகைய வானசாட்சியைத் தந்தவர்கள் அசீரியர். ஒவ்வோராண்டுக்கும் ஓர் அதிகாரியின் பெயரிட்டு அவர்கள் வரிசையாக எழுதிவைத்த பட்டியலில், ஓராண்டில் சூரிய கிரகணம் குறிக்கப்பட்டிருக்கிறது, அது கி.மு. 763 ஜூன் 15 என வானநூல் நிர்ணயிக்கிறது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரை இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கர்க்காரில் எதிர்த்தது 853, யெகூ அவனுக்குக் கப்பம் கட்டியது 841, இடையே பன்னிரண்டாண்டுகள். வேதமோ ஆகாபின் மகன் அகசியாவுக்கு இரண்டும் யோராமுக்குப் பன்னிரண்டுமாகப் பதினான்கு கூறுகிறது. முடிசூடிய ஆண்டை முன்னவன் கணக்கிலும் பின்னவன் கணக்கிலும் இருமுறை எண்ணும் வழக்கத்தை நீக்கினால், எஞ்சுவது சரியாகப் பன்னிரண்டு. பாபிலோனிய நாளாகமத்தை டொனால்டு வைஸ்மன் 1956-இல் வெளியிட்டபோது, எருசலேம் நேபுகாத்நேச்சாருக்குப் பணிந்த நாளும் கி.மு. 597 மார்ச் 16 என்று தெளிவாயிற்று.

ஆகவே தீலியையும், பழங்காலத்து நாட்காட்டிகளையெல்லாம் விளக்கும் ஜாக் ஃபினெகனின் 1964-ஆம் ஆண்டுக் கைந்நூலையும் முதலில் படியுங்கள் என்கிறேன். கடைகளில் இவை அகப்படுவது அரிது. சிரம்பானிலுள்ள செமினாரி தியோலொஜி மலேசியா போன்ற இறையியல் கல்லூரிகளின் நூலகங்களில் விசாரிப்பதே உசிதம்.

யாத்திராகமத்துக்குப் போகும்போது மாத்திரம் கிரகணம் ஏதும் துணைவராது. சாலொமோன் ஆலயங்கட்டத் தொடங்கியதற்கு 480 ஆண்டு முன் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டார்கள் என்னும் வாக்கியத்தை அப்படியே கொண்டால் கி.மு. 1446; எகிப்தின் ராமசேஸ் நகரப்பெயரைக் கொண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டு என்போரும் உண்டு. இஸ்ரவேலின் பெயர் பொறித்த மெர்னெப்தாவின் கல்லோ ஏறத்தாழ கி.மு. 1208-க்குரியது, அதற்குமுன் அவர்கள் கானானில் இருந்தார்கள் என்பதற்கு மேல் அது பேசுவதில்லை. இவ்விரு பட்சங்களில் ஒன்றை மாத்திரம் அச்சிட்டு மற்றதை மறைக்கும் அட்டவணையை நான் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.