‘டேக்’ என்றால் ‘எடு’ மட்டும்தானா?



நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரையில் அண்மையில் ஒரு வரி கண்டேன்: “நானும் தம்பியும் பேருந்தை எடுத்துப் பாட்டி வீட்டிற்குச் சென்றோம்.” இருவருமாய்ப் பேருந்தைத் திருடிச் சென்றனரோ எனச் சிரித்தவாறே சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். மறுநாள் அவன் தாயார் வந்து கேட்டார்: “டேக் என்றால் எடு என்றுதானே பள்ளியில் கொடுத்த பட்டியலில் இருக்கிறது, ஐயா?”

சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பட்டியலைப் படியெடுத்துக் கொடுத்தவன் நானே!

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என மனனம் செய்விக்கும் இப்பழக்கத்தை நாம் கைவிட்டே ஆக வேண்டும். ஆங்கிலேயர் மருந்தை ‘டேக்’ செய்வர், நாம் உட்கொள்வோம். அவர்கள் தேர்வை ‘டேக்’ செய்வர், நாம் எழுதுவோம். அவர்களுக்கு நேரத்தை ‘டேக்’ செய்யும் வேலை, நமக்கு நேரம் பிடிக்கும். காலணியோடு ‘ஆஃப்’ சேர்ந்தால் கழற்றுதல். விமானத்தோடு சேர்ந்தால் வானேறுதல். இத்தனைக்கும் ‘எடு’ ஒன்றே போதுமா? மலாய்க்காரர்கூட மருந்தை ‘மாக்கான் உபாட்’ என்று உண்ணத்தான் செய்கின்றனர். நம் பிள்ளைகளோ “மருந்து எடுத்தாயா?” என்கின்றனர். அலமாரியிலிருந்தா, வாயினாலா?

மறுபுறமும் பாருங்கள். பசி எடுக்கிறது, வாந்தி எடுத்தான், நல்ல பெயர் எடுத்தாள், தொண்ணூறு மதிப்பெண் எடுத்தாள். இவற்றில் எதற்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’ வராது. பட்டியலை நம்பிய பிள்ளை அங்கும் தவறுகிறது; ஆங்கில ஆசிரியரும் சிவப்பு மை தேடுகிறார்.

“நடவடிக்கை எடு என்று நாளிதழே எழுதுகிறதே” எனச் சிலர் வாதிடுவர். உண்மைதான், அது வேரூன்றிவிட்டது, அதனைப் பிடுங்க நான் வரவில்லை. பிறமொழி வழக்கு நுழைவது புதுமையும் அன்று. ‘டேக்’ என்பதே பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குள் குடியேறிய சொல். ஆயினும், வளர்ந்த மொழியாளன் அறிந்து ஏற்பது வேறு. பத்து வயதுப் பிள்ளை வேறு வினை உண்டென்றே அறியாதிருப்பது வேறு.

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. தேர்வுக்காகத்தான் பட்டியல் என்ற நம் பழைய சாக்கும் அத்துடன் போயிற்று. பின் எதற்கு இன்னும் அச்சிடுகிறோம்?

அத்தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். இவ்வாரம் பட்டியலுக்கு மாறாகப் பன்னிரண்டு வாக்கியங்கள் கொடுத்துள்ளேன். பேருந்து அவற்றுள் முதலாவது: ஏறிச் சென்றோம்.