இரத்த உறவுக்கே திறக்கும் கதவு

ஒரு வீட்டில் எத்தனை பேர் வசிக்கலாம் என்று நகரசபை கேட்பதில் தவறில்லை. கழிவுநீர்க் குழாய் தாங்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். ஆனால், அங்கு வாழ்வோர் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கேட்கும் உரிமையை நகரசபைக்கு அளித்தவர் யார்? தனிக்குடும்ப வீட்டுப் பகுதி என்னும் பெயரால் அமெரிக்க நகரங்கள் பல நெடுங்காலமாக இக்கேள்வியையே கேட்டு வந்திருக்கின்றன.

நியூயோர்க் மாநிலத்தில், லோங் ஐலண்டில், பெல் டெர் என்றொரு சிற்றூர். வழக்கு நடந்த காலத்தில் அங்கே ஏறத்தாழ 220 வீடுகள், 700 மக்கள். இரத்தத்தாலோ மணத்தாலோ தத்தெடுப்பாலோ உறவானோர் எத்தனை பேராயினும் ஒரு கூரையின் கீழ் வாழலாம். உறவற்றோர் இருவருக்கு மேல் ஆகாது என்பது அவ்வூர் விதி. ஸ்டோனி புறூக் பல்கலைக்கழக மாணவர் அறுவர் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தனர். வீட்டுக்காரருக்குக் கட்டளை பறந்தது. 1974 இல் உச்ச நீதிமன்றமும் ஊரின் பக்கமே நின்றது. தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? தனிமனித உரிமையின் காவலரெனப் போற்றப்பட்ட டக்ளஸ்! தம்பதியரின் படுக்கையறைக்குள் அரசு நுழையலாகாதென்று 1965 இல் எழுதிய அதே பேனா, மாணவரின் சமையலறைக்குள் ஊராட்சியை அழைத்துச் சென்றது.

அமைதி, விசாலமான வளவு, குறைந்த வாகனங்கள்: இவையே சொல்லப்பட்ட நியாயங்கள். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய தேர்குட் மார்ஷல் இவற்றின் போலித்தனத்தை உடைத்தார். உறவினர் பன்னிருவர் பன்னிரண்டு மோட்டார் வண்டிகளோடு குடியிருக்கலாம்; உறவற்ற முதியவர் மூவர் ஒரு வண்டியுமின்றி வாழ முடியாது. இதிலே இரைச்சல் எங்கே அளக்கப்படுகிறது?

அளக்கப்படுவது நிலத்தின் விலை என்கிறோம் நாம். நிறத்தைக் காட்டி வீட்டுப் பகுதிகளைப் பிரிக்கலாகாதென்று அந்நீதிமன்றம் 1917 இல் தீர்த்தது. ஆனால், 1926 இல், யூக்ளிட் ஊர் வழக்கில், கட்டட வகையைக் காட்டிப் பிரிக்கலாம் என்றது. அடுக்குமாடி வீட்டை ஒட்டுண்ணிக்கு ஒப்பிடவும் கூசவில்லை. தனி வீடு வாங்க வகையற்றவன் அடுக்குமாடிக்குப் போகலாகாது. நண்பரோடு வாடகையைப் பங்கிடவும் ஆகாது. பின் எங்கே போவான்? அறையெடுத்துத் தங்கிப் படித்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

உறவு இருந்தாலும் போதாது என்றது ஒகையோவின் கிழக்கு கிளீவ்லாந்து நகரம். ஈனெஸ் மூர் என்னும் பாட்டி பேரர் இருவரை உடன் வைத்திருந்தார். அவர்கள் உடன்பிறந்தாரல்லர், வெவ்வேறு மக்களின் பிள்ளைகள். ஒருவன் தாயை இழந்தவன். அதற்காக அவருக்கு ஐந்து நாட் சிறையும் 25 டொலர் தண்டமும்! 1977 இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அவர் வென்றார். எனினும் அவரைக் காத்தது இரத்த உறவே. உறவற்றோரின் நிலை மாறவில்லை.

கலிபோர்னிய உயர்மன்றம் வேறு வழி சென்றது. சாந்தா பார்பரா நகரில் பத்துப் படுக்கையறைகள் கொண்ட வீட்டிலே பன்னிருவர் வாழ்ந்தனர். ஐவருக்கு மேற்படலாகாது என்ற விதியை அம்மன்றம் 1980 இல் தள்ளியது. அயோவா மாநிலம் 2017 இலும் கொலராடோ 2024 இலும் இத்தகைய விதிகளைச் சட்டத்தாலேயே தடுத்தன. ஆட்களை அறையின் பரப்பால் எண்ணட்டும். எல்லோரையும் ஒரே கோலால் எண்ணட்டும். ஆயினும் 1974 ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை மாற்றவில்லை; விரும்பும் ஊர் இன்றும் அதையே காட்டி வாடகைக்கு வந்தவனை வாசலில் நிறுத்துகிறது.