பழுதைச் சொல்லி விற்போம்

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கலியாண வீடுகளில் படம் பிடித்துப் பிழைக்கும் இளைஞர்கள் இன்று பலர் இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் சென்ற மாதம் என் கடைக்கு வந்தார். வேறோர் ஊரில் பாவித்த லென்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் நிகாஹ் சபையில், மாப்பிள்ளை கையொப்பமிடும் நேரம் பார்த்து அது கீச்சிட்டு நின்றுவிட்டது. கையால் திருப்பித் தெளிவாக்குவதற்குள் அந்தக் காட்சி முடிந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்றாராம்.

வியாபாரச் சகோதரர்களே, இந்தப் பதில் சரிதானா?

2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், புதிய லென்ஸ் வாங்க முடியாதவர்கள் பாவித்ததையே தேடுகின்றனர். நமது பொறுப்பும் கூடிவிட்டது.

முதலில் எது பழுது என்பதை நாம் அறிய வேண்டும். கெனன் நிறுவனம் 1987 முதல் லென்ஸுக்குள்ளேயே மோட்டாரை வைத்தது. நிக்கோனின் பழைய கமராக்களிலோ மோட்டார் கமராவுக்குள் இருந்தது. 2006இல் வந்த டி40 கமராவில் அது இல்லை. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அதில் பூட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது. அது பழுதல்ல, பொருத்தமின்மை. அதைப் பழுது என்று சொல்லி, விற்க வருபவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதும் அநியாயமே.

அல்ட்ராசொனிக் மோட்டார் அதிர்வாலும் உராய்வாலும் சுழல்வது. மணலோ ஈரமோ புகுந்தால் தடுமாறும். எண்ணெய் விட்டால் இருக்கிற பிடியும் போய்விடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உப்புக் காற்றில் வாழும் நாம், லென்ஸைச் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதே நல்லது.

தளர்ந்த மோட்டார் கடை மேசையில் இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடும். வாங்குபவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். ஆகவே அவர் முன்னிலையில் கிட்டவும் தூரவுமாக இருபது தடவையாவது ஓட்டிக் காட்டுவோம். தடுமாறினால் கையால் திருப்பும் லென்ஸின் விலைக்கே கொடுத்து, அதைப் பில்லிலும் எழுதுவோம். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தந்தால் ஏற்றுக்கொள்வோம்.

நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். லென்ஸுக்குள் இருக்கும் பழுதுக்கும் அதே நியாயம்தான்.