கொடையா, கடனா?



கிளிநொச்சியில் விடியற்காலையில் வீதியோரம் பாருங்கள். சாப்பாட்டுப் பார்சலும் கையுமாக இளம்பெண்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். 'காமென்ட்ஸ்' பிள்ளைகள் என்று ஊரார் சொல்வார்கள். 2009இல் போர் முடிந்தபோது வீடு, வயல், உழைக்கும் ஆண்துணை எல்லாம் இழந்து நின்ற குடும்பங்கள் இங்கே ஏராளம். அதன்பின் சில ஆண்டுகளில் எம்.ஏ.எஸ். நிறுவனம் 'விடியல்', 'வானவில்' என்ற பெயர்களில் இம்மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலைகளைத் திறந்தது. மாதம் பிறந்தால் கையில் சம்பளம்! அது சிறிய காரியமல்ல.

பெரிய கம்பனிகள் தொழிலோடு நிற்பதில்லை. பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி, ஊருக்கு மருத்துவ முகாம், மரநடுகை என்று பலதும் செய்கின்றன. இதற்குக் 'கூட்டாண்மை சமூகப் பொறுப்பு' என்று பெயர். பல்கலைக்கழகங்களில் இது தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்துவிட்டது. 1953இல் அமெரிக்கரான ஹவார்ட் போவன் வர்த்தகரின் சமூகப் பொறுப்பைப் பற்றி நூல் எழுதினார். 1970இல் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், சட்டத்துக்குட்பட்டு இலாபம் ஈட்டுவதே கம்பனியின் பொறுப்பு என்று வாதிட்டார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நம் நாடும் அந்த ஆய்வுகளில் இடம்பெற்றிருக்கிறது. பெண் ஊழியரின் முன்னேற்றத்துக்காக எம்.ஏ.எஸ். 2003இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2006இல் பிரான்சின் இன்சியாட் வணிகக் கல்லூரி அந்நிறுவனத்தின் சமூகப் பொறுப்பைப் பாடமாகவே எழுதியது. அதே ஆண்டில் இலங்கை ஆடை உற்பத்தியாளர்கள் 'குற்றமற்ற ஆடைகள்' என்ற சுலோகத்தோடு உலகச் சந்தைக்குப் போனார்கள்.

காஞ்சனா ருவன்புர என்ற ஆய்வாளர் 2022இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தச் சுலோகத்தையே தலைப்பாக்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்! அவர் கண்டது என்ன? சிறுவர் தொழில் இல்லை, கட்டடங்கள் நல்லவை; இதில் இலங்கை பல நாடுகளுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் வாழ்க்கைக்குப் போதுமான சம்பளம், தொழிற்சங்கம் அமைக்கும் சுதந்திரம் என்ற இரண்டிலும் குறை தெரிகிறது. போர் நடந்த பகுதிகளுக்கு ஆடைத் தொழில் வந்த விதத்தையும் அவர் 2018இல் ஒரு கட்டுரையில் கேள்விக்குட்படுத்தினார்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது ஒன்றுண்டு. கொடை வேறு, கடன் வேறு. தண்ணீர்த் தாங்கி கொடை. உழைப்புக்கேற்ற கூலி கடன். கடனை வைத்துக்கொண்டு கொடை கொடுப்பவரை ஊரில் என்ன சொல்வோம்?

பிள்ளையை வேலைக்கு அனுப்பும் தாய்மாரே! வாசலில் தொங்கும் விருதுகளைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால், முதலாளி தம் பங்காக 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதமும் முதலாளியே கட்டவேண்டும். அந்தப் பணம் உண்மையில் கணக்கில் சேர்கிறதா? ஓவர்டைம் கணக்கு சரியா? சுகயீனமென்றால் லீவு கிடைக்கிறதா? தயங்காமல் கேளுங்கள்.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம்மில் பலர் கடை நடத்துகிறோம். பெருநாள் வந்தால் கடைப் பையனுக்குச் சாரமும் சேர்ட்டும் வாங்கிக் கொடுத்து மனம் நிறைகிறோம். நல்லதுதான். ஆனால் அவன் பெயரில் சேமலாப நிதி கட்டுகிறோமா? ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்டவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பத்து வருடம் உழைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போகும் பையனுக்கு, அந்தப் பத்துப் பெருநாள் சாரங்களும் எதற்கு உதவும்?

பெரிய கம்பனியை அளக்கும் அதே கோலால் நம் கடையையும் அளந்து பார்ப்போம். முதலில் கடன் தீரட்டும். பிறகு கொடை கொடுப்போம்.