புதுக் குஞ்சுக்கு இடம் கொடுங்கள்!



திருவிழாக் கடைகளில் பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா எனச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குச் சேவல் குஞ்சுகள் தேவைப்படுவதில்லை. அப்படிக் கழிக்கப்பட்ட குஞ்சுகள்தான் பெரும்பாலும் இப்படி விற்பனைக்கு வருகின்றன. தாயின் கதகதப்பு இல்லாமல் நாள் முழுவதும் கூடையில் கிடப்பதால், பல குஞ்சுகள் சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. வாங்க ஆள் இருப்பதால்தானே விற்கிறார்கள்? ஆகவே, அப்பா அம்மாவிடம் அடம் பிடித்து வாங்காதீர்கள்.

ஆனால், யாரோ வாங்கி, வேண்டாமென்று விட்டுப்போன குஞ்சு ஒன்று தெருவோரம் 'கீச் கீச்' என்று கத்தினால், நமக்கு மனசு கேட்குமா? வீட்டுக்குத் தூக்கி வருவோம். கொல்லையில் நாலைந்து கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும். 'தன் இனத்தோடு சேர்ந்துகொள்ளட்டும்' என்று நடுவில் விட்டுவிடுவோம். அங்கேதான் தவறு செய்கிறோம்! அவை கொத்தியே அந்தக் குஞ்சைக் கொன்றுவிடலாம்.

கோழிகள் கெட்டவை அல்ல. அவற்றின் கூட்டத்தில் யார் முதலில் தீனி தின்பது, யார் யாருக்கு வழி விடுவது என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரப் எபே என்பவர், சிறுவனாக இருந்தபோதே கோழிகளை உற்றுக் கவனித்தவர். யார் யாரைக் கொத்தும் என்ற இந்த வரிசையைப் பற்றி 1921ல் ஆய்வு எழுதினார். புதிதாக ஒன்று நுழைந்தால், அந்த வரிசை கலைந்துவிடும். அதனால்தான் கொத்துகின்றன.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் குஞ்சைத் தனியாக, ஓர் அட்டைப் பெட்டியில் வையுங்கள். முதல் வாரம் அதற்கு 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரம் தோறும் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். எல்.இ.டி. பல்பு போதிய சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். அதைப் பெரியவர்கள்தான் மாட்ட வேண்டும். குஞ்சு பல்புக்கு அடியில் ஒண்டினால், குளிர்கிறது என்று பொருள். வாயைத் திறந்து இரைத்தபடி ஒதுங்கி நின்றால், சூடு அதிகம்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடுங்கள். இல்லாவிட்டால், குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். குஞ்சுத் தீவனம் கொடுங்கள். முட்டையிடும் கோழிகளின் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது குஞ்சுக்கு ஆகாது.

தனியாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியிலிருந்து வரும் குஞ்சு, வெள்ளைக்கழிச்சல் போன்ற நோயைக் கொண்டு வந்தால், உங்கள் கோழிகள் அத்தனையும் மடிந்துவிடலாம். ஆகவே ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள். தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குஞ்சைத் தொட்டால், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முத்தம் கொடுக்காதீர்கள். சோர்ந்து கிடக்கும் பறவையையோ, இறந்து கிடக்கும் பறவையையோ நீங்கள் தொடாமல், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

குஞ்சுக்கு இறகு முளைத்து, ஓரளவு வளர்ந்த பிறகு, நம் ஊர்ப் பஞ்சாரம் கைகொடுக்கும். குஞ்சைப் பஞ்சாரத்தில் மூடி, கோழிகள் மேயும் இடத்தில் தினமும் சிறிது நேரம் வையுங்கள். இடுக்கு வழியே ஒன்றையொன்று பார்க்கும். ஆனால், பாய்ந்து கொத்த முடியாது. ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் பழகட்டும்.

பிறகு, மாலையில் கோழிகள் அடையும் நேரத்துக்குச் சற்று முன் திறந்துவிடுங்கள். தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஓடி ஒளிய, சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். ஓரிரு கொத்து விழத்தான் செய்யும். ஆனால், ரத்தம் வந்தால் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகளும் அங்கேயே கொத்தும்.

இவ்வளவுக்கும் சுமார் இரண்டு மாதம் ஆகும். ஒரு குஞ்சைத் தூக்கி வர ஒரு நிமிட இரக்கம் போதும்; அதை வாழ வைக்கத்தான் பொறுமை வேண்டும். உங்கள் வகுப்பில் புதிதாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா? அவர்களுக்கும் இந்தப் பொறுமை தேவை. நாளை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்