பொற்பதக்கம் இல்லாமல் வந்த கனம்



பனிக்கட்டியின்மேல் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் விளையாட்டை நம்மில் அநேகர் தொலைக்காட்சியில் மாத்திரமே கண்டிருக்கிறோம். டில்லியிலும் சண்டிகரிலும் வாழும் நம் குடும்பங்களில் சிலர் குளிர்காலத்தில் சிம்லா சென்றபோது, 1920 முதல் அங்கே இருந்துவரும் பனியரங்கில் பிள்ளைகள் விழுந்து எழும்புவதைப் பார்த்திருக்கக்கூடும். மற்றபடி இது நமக்குத் தூரமான விளையாட்டு. ஆகிலும் அந்த விளையாட்டில் ஒரு பெண்மணிக்குக் கிடைத்த கனத்தைக் குறித்து இம்மாதம் எழுத விரும்புகிறேன். அது பிந்தி வந்த கனம். அதிலும், பொற்பதக்கம் ஒன்றும் இல்லாமல் வந்த கனம்.

1972-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஜப்பான் தேசத்துச் சப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஆசியாவில் நடந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக் அதுவே. பெண்கள் பிரிவின் கடைசிப் பகுதியில், இசைக்கு ஏற்ப ஆடும்படி அமெரிக்காவின் ஜேனட் லின் அரங்கில் இறங்கினார். வயது 18. குட்டையாக வெட்டப்பட்ட பொன்னிறத் தலைமுடி. அவர் எம்பிக் குதித்து, உட்கார்ந்த நிலையில் பம்பரம்போலச் சுழலவேண்டிய ஓர் இடம் இருந்தது. அது அவருக்குக் கைவந்த அசைவு. அந்த இடத்திலேயே கால் நழுவிப் பனிமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒலிம்பிக் அரங்கில் விழுகிறவர்களின் முகம் எப்படி மாறும் என்பதை நாம் அறிவோம். நான்கு வருஷப் பிரயாசம் ஒரு நொடியில் போயிற்றே என்ற வேதனை அதில் தெரியும். ஜேனட்டோ புன்னகைத்தார். எழுந்தார். ஒன்றும் நடவாததுபோல மீதி ஆட்டத்தை ஆடி முடித்தார். அந்தப் பகுதியில் அவருக்கே முதலிடம் கிடைத்தது. ஆனால் மொத்தக் கணக்கில் மூன்றாம் இடமும் வெண்கலப் பதக்கமுந்தான். தங்கத்தைப் பெற்றவர் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா. வெள்ளியைப் பெற்றவர் கனடாவின் கேரன் மேக்னசன். இசை ஆட்டத்தில் ஷூபாவின் இடம் ஏழு!

ஏழாவதாக ஆடியவர் எப்படி முதலாவதாக வரமுடியும் என்று கேட்பீர்கள். அன்றைக்குத் தொலைக்காட்சியில் பார்த்த ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். இதைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஷூபாவுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

இரு சக்கர வாகனத்துக்கு லைசென்ஸ் எடுக்கச் சென்றவர்கள் "எட்டு போட்டுக் காட்டு" என்ற கட்டளையை மறந்திருக்கமாட்டார்கள். காலை ஊன்றாமல், கோட்டை விட்டு விலகாமல் எட்டு போடவேண்டும். இந்த விளையாட்டின் ஆதியும் அந்த எட்டுதான். ஃபிகர் என்ற பெயரே பனியில் வரையப்படும் உருவத்தினால் வந்தது. சறுக்குக் காலணியின் அடியிலுள்ள இரும்புத் தகட்டுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு விளிம்புகள் உண்டு. வீரர் ஒற்றைக் காலில் நின்று, ஒரே விளிம்பினால், தம் உயரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு குறுக்களவுள்ள வட்டங்களை வரையவேண்டும். ஒருமுறை வரைந்தால் போதாது. ஒவ்வொரு காலாலும் மும்மூன்று முறை, முதலில் விழுந்த கோட்டின்மேலேயே மறு கோடும் விழும்படி வரையவேண்டும். பின்பு நடுவர்கள் பனிமேல் நடந்து வந்து, குனிந்து, சிலவேளை முழங்காற்படியிட்டு, அந்தக் கீறல்களைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். இசை கிடையாது, கைதட்டலும் அதிகம் இராது. மணிக்கணக்காக நடக்கும் அந்தப் பரீட்சைக்கு வந்து உட்காருகிறவர்களும் கொஞ்சப்பேரே.

சப்போரோவில் மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி இந்தக் கட்டாய உருவங்களுக்கு உரியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நூற்றுக்கு அறுபதாக இருந்தது. ஷூபாவைப்போல இந்த உருவங்களை வரைந்தவர் வேறொருவரும் இல்லை என்று இன்றளவும் அந்த விளையாட்டை அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே பாதிப் போட்டி முடிந்தபோதே அவர் எட்டாத தூரத்தில் இருந்தார். ஜேனட் நான்காம் இடத்தில் இருந்தார். ஷூபா யாருடைய பதக்கத்தையும் பறிக்கவில்லை. அன்றைய சட்டம் எதைக் கேட்டதோ அதை அவர் எல்லாரிலும் நன்றாய்ச் செய்தார். ஜேனட்டைப் புகழவேண்டும் என்பதற்காக ஷூபாவைத் தாழ்த்தி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதம் இல்லை.

ஆனால் ஜனங்களின் இருதயம் எங்கே போயிற்று என்பதிலும் சந்தேகம் இல்லை. ஜப்பானியர் தங்கம் வென்றவரைவிட, விழுந்து புன்னகைத்த இந்தப் பெண்ணையே தங்கள் சொந்தப் பிள்ளையைப்போல நேசித்தார்கள். அத்தேசத்துப் பான விளம்பரங்களில் அவருடைய முகம் வந்தது. போட்டி முடிந்து பல ஆண்டுகள் சென்றும் அந்தப் பிரியம் குறையவில்லை.

யார் இந்த ஜேனட்? 1953-ல் சிகாகோ நகரில் பிறந்தவர். இலினாய் மாநிலத்து ராக்ஃபர்டில் வளர்ந்தவர். ஸ்லாவ்கா கோஹௌட் என்ற பயிற்சியாளரிடம் சிறுவயதிலேயே சேர்ந்து, கடைசிமட்டும் அவரிடமே கற்றார். முழுப்பெயர் ஜேனட் லின் நோவிக்கி. குடும்பப் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் அறிவிப்பாளர்கள் தடுமாறியபடியால், முதலிரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொண்டார். வடக்கே வந்து, அலுவலகத்தில் தன் தகப்பன் பெயர் படும் பாட்டைக் கேட்டுச் சகித்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியம் இல்லை!

1966-ல், 12 வயதில், அமெரிக்க இளையோர் பட்டத்தை வென்றார். 14 வயதில் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் ஒன்பதாம் இடம். 1969 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவின் வாகையர் அவரே. சொந்த தேசத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. ஆனால் உலகப் பட்டம் மாத்திரம் கிட்டவேயில்லை. ஒவ்வொரு ஆண்டும் கட்டாய உருவங்களில் பின்தங்குவார். பின்பு இசை ஆட்டத்தில் எட்டிப் பிடிக்க ஓடுவார்.

சப்போரோவுக்குப் பின் சட்டம் மாறியது. தொலைக்காட்சி இதற்கு ஒரு காரணம். உருவங்கள் வரையும் பகுதியை ஒளிபரப்பில் யாரும் காண்பிக்கவில்லை. ஆகவே ஏன் இவர் ஜெயித்தார், ஏன் அவர் தோற்றார் என்பது பார்க்கிறவர்களுக்கு விளங்கவில்லை. கட்டாய உருவங்களின் பங்கு நாற்பது சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குறிப்பிட்ட சில குதிப்புகளையும் சுழற்சிகளையும் செய்து காட்டவேண்டிய குறும்பகுதி ஒன்று புதிதாக இருபது சதவீதத்துக்குச் சேர்க்கப்பட்டது. ஜேனட்டைப் போன்றவர்களுக்கு நியாயம் கிடைக்கவே இந்த மாற்றம் என்று அன்றைக்குப் பலரும் பேசிக்கொண்டார்கள்.

1973-ல் பிராட்டிஸ்லாவாவில் உலகப் போட்டி. ஜேனட் அந்த ஆண்டு கட்டாய உருவங்களில் கடினமாய் உழைத்திருந்தார். அவருக்கு எப்போதும் இடறலாயிருந்த அந்தப் பகுதியில் இம்முறை இரண்டாம் இடம் கிடைத்தது. இனி என்ன தடை? புதிய குறும்பகுதி வந்தது. அவருக்காக வந்ததுபோலத் தோன்றிய அந்தப் பகுதியிலேயே இரண்டு முறை விழுந்தார். பன்னிரண்டாம் இடம். மறுபடியும் இசை ஆட்டத்தில் முதலிடம் பெற்றும், மொத்தத்தில் வெள்ளியோடு நின்றார். தங்கம் கேரன் மேக்னசனுக்குப் போயிற்று. ஜேனட்டின் போட்டி வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அதன்பின் ஐஸ் ஃபாலீஸ் என்னும் நிகழ்ச்சிக் குழுவினர் மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய பதினான்கரை லட்சம் டாலர் தருவதாக அவரோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்நாட்களில் உலகத்திலேயே அதிக ஊதியம் பெற்ற விளையாட்டு வீராங்கனை அவர்தான். ஆனால் உடற்பயிற்சியின்போது வரும் ஆஸ்துமா வியாதி அவரை வாட்டியது. குளிர்ந்த காற்றில் மூச்சுவாங்க ஆடுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அதைவிடக் கொடிய சோதனை வேறென்ன? சீக்கிரமே ஓய்வுபெற்றார். திருமணம் செய்து, ஐந்து ஆண்பிள்ளைகளுக்குத் தாயானார். 1980-களின் தொடக்கத்தில் சிலகாலம் அரங்குக்குத் திரும்பி, பழைய அழகு குறையாமல் ஆடியதுண்டு.

அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1994-ஆம் ஆண்டில். உலகப் புகழ் மண்டபம் சேர்த்தது 2001-ல். மண்டபம் என்றவுடன் தூண்களும் சிலைகளும் நிறைந்த அரண்மனையை நினைக்கவேண்டாம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலுள்ள ஒரு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது அது. ஆனாலும் அதிலுள்ள பெயர்கள் எளியவை அல்ல. 1976-ல் சேர்க்கப்பட்ட முதல் வரிசையில் பத்து உலகப் பட்டங்களும் மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் பெற்ற சோன்யா ஹெனி இருக்கிறார். இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் பெற்ற டிக் பட்டன் இருக்கிறார். அந்த வரிசையில் ஒலிம்பிக் தங்கமோ உலகப் பட்டமோ இல்லாத ஜேனட்டின் பெயரும் சேர்ந்தது.

இது சலுகையா? அல்ல என்பதே என் எண்ணம். மதிப்பெண் தாள் அன்றைய ஒரு நாளை மாத்திரம் அளக்கும், அளக்கவேண்டியதும் அதுவே. விழுந்தால் விழுந்ததுதான். புன்னகைக்கு என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. கட்டாய உருவங்களோ 1990-க்குப் பின் உலகப் போட்டிகளிலிருந்தே எடுக்கப்பட்டுப்போயின. ஒரு விளையாட்டு எதை நோக்கிப் போகவேண்டும் என்பதைத் தன் ஆட்டத்தினாலேயே காண்பித்த ஒருவரை, அந்த விளையாட்டு இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்துக் கனப்படுத்துவது நியாயமே. (உருவங்கள் போனதால் விளிம்பின் சுத்தமும் போயிற்று என்று வருந்துகிற மூத்த பயிற்சியாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.)

இதே மண்டபத்தில் இன்னொரு பெயர் உண்டு. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மேபல் ஃபேர்பேங்க்ஸ் என்ற கறுப்பினச் சகோதரி. 1930-களில் நியூயார்க்கில் அவரைப் பனியரங்குக்குள் விடவில்லை. பின்பு கலிஃபோர்னியாவிலும் கறுப்பினத்தார் வரவேண்டாம் என்ற பொருளில் பலகை மாட்டிய அரங்கு அவருக்கு எதிர்ப்பட்டது. விடாப்பிடியாய்க் கற்றார்; நிகழ்ச்சிகளில் ஆடினார். ஆனால் தேசியப் போட்டியில் ஒருமுறையாவது ஆடிப்பார்க்க அவருக்கு வழி திறக்கவில்லை. பின்னாட்களில் பயிற்சியாளரானார். ஜேனட் இளையோர் பட்டம் வென்ற அதே 1966-ல், மேபலின் மாணவர் அடோய் வில்சன் தொடக்கநிலைப் பிரிவில் அமெரிக்கப் பட்டம் வென்றார். ஒரு கறுப்பினத்தவர் பெற்ற முதல் தேசியப் பட்டம் அது. 1979-ல் உலகப் பட்டம் வென்ற டாய் பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் ஜோடியைச் சிறுபிள்ளைகளாக இருக்கையில் சேர்த்து வைத்தவரும் மேபலே.

1997-ல் அமெரிக்கப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்தது. கறுப்பினத்தவரில் அவரே முதலாவது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது, 2001-ல் மரித்தார். ஜேனட்டின் காரியமும் இதுவும் ஒன்றல்ல. ஜேனட் போட்டியிட்டுத் தோற்றார். மேபலுக்குத் தோற்பதற்குக்கூட அனுமதி இல்லை. அந்தக் கனத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் எண்பது வயதில் வந்த பாராட்டு, இருபது வயதில் அடைக்கப்பட்ட கதவைத் திறந்துவிடாது. பாராட்டினவர்களும் அதை அறிந்தே பாராட்டியிருக்கவேண்டும்.

கொரிந்துவுக்கு அருகே இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பந்தயங்கள் நடந்தன. பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது ஓட்டத்தையும் கிரீடத்தையும் உவமையாக எடுத்ததற்கு அந்த ஊராரின் இந்தப் பழக்கம் வசதியாயிருந்தது. அங்கே கிரீடம் பைன் இலைகளால் ஆனது; சிலகாலம் செலரி என்னும் கீரைத் தழையாலும் கட்டினார்கள். வென்றவனுக்கு மாத்திரம் கிரீடம்; இரண்டாவது வந்தவன் வெறுங்கையோடு ஊர் திரும்பினான். வெள்ளி, வெண்கலம் என்று மூன்று பேருக்கும் பதக்கம் கொடுக்கும் வழக்கம் 1904 ஒலிம்பிக்கில்தான் வந்தது. அந்தப் பழைய முறை இருந்திருந்தால், ஜேனட் சப்போரோவிலிருந்து ஒன்றுமில்லாமல் திரும்பியிருப்பார்.

அவர் தம் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைத்தவர் அல்ல. தம் ஆட்டத்தை அந்த விசுவாசத்தோடு சேர்த்தே வெளிப்படையாகப் பேசியவர். ஆகையால்தான் கர்த்தர் அவரைப் புகழ் மண்டபத்தில் உயர்த்தினார் என்று எழுத நான் துணியமாட்டேன். விசுவாசித்த வேறு எத்தனையோ பேர் விழுந்து, எழுந்து, ஒரு மண்டபத்திலும் சேராமல் வீடு போயிருக்கிறார்கள். ஆனால் விழுந்த அந்த நொடியில் வந்த புன்னகை, அன்று திடீரென்று உண்டானது அல்ல என்று மாத்திரம் நம்புகிறேன்.

சப்போரோவின் ஒலிம்பிக் குடியிருப்பில் தாம் தங்கியிருந்த அறையின் சுவரில், சமாதானம், அன்பு என்ற இரண்டு சொற்களை எழுதி, கீழே தம் பெயரை எழுதிவிட்டுப் போனார் ஜேனட். அடுத்த ஆண்டு, 1973-ல், வெளிவந்த அவருடைய புத்தகத்துக்கும் அந்த இரண்டு சொற்களே தலைப்பாயின. பிராட்டிஸ்லாவாவில் மறுபடியும் விழுந்ததும் அதே ஆண்டில்தான்.